பழைய வீடுகள்: முதலில் கூரையைக் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புப் புளியந்தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளைப் பற்றிய பேச்சு எப்போதும் "தொல்பொருள் திணைக்களம் பொறுப்பெடுக்கட்டும்" என்பதோடு நின்றுவிடுகிறது. தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவைதான் தாமாகவே தொல்பொருளாகும். எங்கள் வீடுகளில் அநேகமானவை அதற்குப் பிந்தியவை. 100 வருடம் கடந்திருந்தாலும் அமைச்சர் தனிக் கட்டளை பிறப்பித்தால்தான் காப்பு. அதைக் கேட்டுப் போக வீட்டுக்காரர் தயங்குகிறார்கள். 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று அரசாங்கம் அமைத்த தொல்பொருள் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தத் தயக்கத்தை எப்படிக் குறைசொல்வது? ஆகவே தெருவாரியான பட்டியலை ஊரவர்தான் தொடங்க வேண்டும். உரிமையாளரின் சம்மதத்தோடு வீட்டின் படம், ஏறத்தாழ வயது, உறுதி யார் யார் பெயரில் இருக்கிறது, கூரையின் நிலை ஆகிய நான்கும் போதும்.

கூரையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. அந்தப் பிள்ளை இன்று கனடாவிலோ லண்டனிலோ இருக்க, திறப்பு உறவினர் ஒருவர் கையில். வாசலைக் கூட்டுவார்கள், கூரையில் ஏறமாட்டார்கள். முகட்டு ஓடு ஒன்று விலகினால் மாரித் தண்ணீர் கைமரத்தோடு வழிந்து, அந்த மரம் சுவருக்குள் இறங்கும் இடத்தில் தேங்குகிறது. மரம் உக்குவதும் கறையான் ஏறுவதும் அங்கேதான். அந்த நிலையில் ஓடாவி (தச்சர்) ஒருவர் ஓரிரு நாளில் முடிக்கும் வேலை. இரண்டு மாரி விட்டுவிட்டால் கூரை உட்கார்ந்துவிடும், பிறகு "ஆபத்தான கட்டடம்" என்று இடிப்பது சுலபம். 1978 நவம்பர் 23 சூறாவளியைத் தாங்கிய சுவர்கள் இப்படி ஒரு ஓட்டுக்காக விழுவது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

சுவர் விடயத்தில் நல்லெண்ணமே கேடு செய்கிறது. சாந்து உதிர்ந்த இடத்தில் சீமெந்து பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட வேண்டும். சீமெந்து அதை அடைத்துவிடும். சில மாதத்தில் பூச்சுக்குச் சற்று மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடச் சத்தம், பெயர்த்தால் பின்னாலுள்ள செங்கல் விரலில் மாவாக வரும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்குள் வைத்திருந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் சேர்த்துப் பூச வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டாம்; ஒரு வாரம் ஈரச்சாக்கு போட வேண்டும். இதற்கு மாசி, பங்குனி நல்லது. கூரை வேலையோ புரட்டாசிக்குள் முடிய வேண்டும். இந்தக் கலவை தெரிந்த மேசன்மார் குறைந்துவருகிறார்கள். அவர்களோடு இளைஞர்களைச் சேர்த்துவிடுவது பட்டியலைவிட அவசரமானது.

பணம் சேர்ப்பவர்கள் அதை உரிமையாளர் கையில் கொடுக்காமல் ஓட்டுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் நேரே கட்ட வேண்டும். பதிலுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு இடிப்பதில்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். பங்காளர் அனைவரும் ஒப்பமிடாவிட்டால் அந்த எழுத்து நிற்காது.

வளவு மரங்களுக்கும் காப்புக் குறைவு. மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனைக்குத்தான் அனுமதி கேட்கிறது. வேம்பும் வாகையும் அதில் இல்லை. தெருவோர மரங்களுக்கு அடிமரம் வரை கல் பதிப்பதை நிறுத்தி, சுற்றிவர ஒரு மீற்றராவது மண் விடச் சொல்ல வேண்டும். வாவிக்கரையில் கண்டல் நடுவோர், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மூடியிருக்கையில் நீர் எவ்வளவு ஏறுகிறதென்று பார்த்துவிட்டு நடட்டும். நீண்ட நாள் முழுதாக மூழ்கிக் கிடந்தால் கன்று தப்புவது கடினம்.

இடிப்பதற்கான விண்ணப்பங்களை, அனுமதி வழங்குமுன் மாநகர சபை தன் அறிவித்தல் பலகையில் இடவேண்டும் என்று கேட்கிறோம். அதுவரை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் வட்டாரவாரியாக இந்த விபரத்தைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
புளியந்தீவு வாசகர்கள் சிலர்,
மட்டக்களப்பு.