டேங்க் மூடி சத்தம் போட்டா மூடியை மாத்தச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க வாகனப் பக்கத்துல ஒரு வாசகர், பைக்கை ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் பெட்ரோல் டேங்க் மூடிகிட்டேர்ந்து கீச் கீச்னு சத்தம் வருது, சில நேரம் உஸ்ஸுங்குது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தார். அதுக்கு மூடியோட ரப்பர் தேஞ்சிருக்கும், புது மூடி போட்டுடுங்கன்னு ஒரே வரியில பதில் போட்டுட்டீங்க. அவர் புது மூடி வாங்கி மாட்டுவார், அதுவும் கீச்சுனு கத்தும், அப்புறம் யாராவது சொன்னாங்கன்னு மூடியில காத்து போய் வர்ற ஓட்டையில பசை வெச்சு அடைச்சுடுவாரோன்னுதான் எனக்குப் பயம்.

நல்லா இருக்கிற மூடிதாங்க அப்படிக் கத்தும். வண்டி ஓடும்போது இன்ஜின் சூட்டைக் காத்து அடிச்சிக்கிட்டுப் போயிடும், நிறுத்தினதும் அந்தச் சூடு அப்படியே மேல ஏறி டேங்கோட அடிவயித்துல உக்காந்துக்கும், உள்ள பெட்ரோல் ஆவியாகும், ஆவிக்கு இடம் பத்தாது, மூடிக்குள்ள ஸ்பிரிங் வெச்ச ஒரு குட்டி வால்வு இருக்கு, அது கொஞ்சமா திறந்து ஆவியை விட்டுட்டு மூடிக்கும், மறுபடி பிரஷர் ஏறும், மறுபடி திறக்கும். விட்டு விட்டு கேக்குற கீச் கீச் அதுதான். டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருந்தா சீக்கிரம் சூடேறும், சத்தமும் ஜாஸ்தியா தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஆவியாகுற வேகம் இன்னும் கொஞ்சம் கூடும். இன்ஜின் ஆறினா தானா நின்னுடும். (டிக் டிக்னு வர்றது வேற, அது சைலன்சர் இரும்பு ஆறி சுருங்குற சத்தம், அதுக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்ல.)

உண்மையில கவலைப்பட வேண்டியது அந்த வழி அடைச்சுக்கிட்டாதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காத்து உள்ள வந்தாகணும், வரலைன்னா உறிஞ்சுகுழலோட மேல் வாயை விரலால அடைச்சா தண்ணி கீழ இறங்காம நிக்குமே, அந்தக் கதைதான். மெக்கானிக்குங்க இதை ஏர்லாக்னு சொல்வாங்க. கார்புரேட்டர் வண்டின்னா கொஞ்ச தூரம் நல்லா போகும், அப்புறம் இழுக்காம திணறி ஆஃப் ஆயிடும், ஓரமா நிறுத்தி கொஞ்ச நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், திரும்ப அதே தூரத்துல நிக்கும். ப்ளக் மாத்துவாங்க, கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவுவாங்க, காயில் வரைக்கும் போவாங்க, மூடி பக்கம் மட்டும் யாரும் திரும்பமாட்டாங்க. வண்டி நின்னதும் மூடியைத் திறந்து பாருங்க, காத்தை உள்ள இழுக்குற சத்தம் கேட்டு உடனே ஸ்டார்ட்டும் ஆச்சுன்னா சந்தேகமே வேணாம், அடைப்புதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில பம்ப்பு இழுத்துக்கிட்டே இருக்கும்ங்கிறதால லேட்டாதான் தெரியும், அடி வாங்குறது பம்ப்பு.

அடைப்பு எங்கேர்ந்து வருதுன்னா, மூடி ஓட்டையில தூசியும் வண்டி கழுவுற தண்ணியும் சேர்ந்து சேறாகும். மூடியைச் சுத்தி மழைத்தண்ணி வடியறதுக்கு இருக்கிற சின்ன ஓட்டையும் அப்படித்தான், அது அடைச்சா தண்ணி தேங்கி ரப்பர் வழியா பெட்ரோல்லயே இறங்கும். இன்னொண்ணு, சர்வீஸுக்கு டேங்கைக் கழட்டி மாட்டும்போது டேங்க் அடியில காத்து போய் வர்றதுக்கு இருக்கிற ஓஸ் மடிஞ்சு நசுங்கிடும். சர்வீஸ் விட்டு வந்த உடனே இந்தத் தொல்லை ஆரம்பிச்சா முதல்ல அந்த ஓஸைத்தான் பாக்கணும்.

கழுத்து வரைக்கும் பெட்ரோல் ஊத்துற பழக்கத்தைப் பத்தியும் எழுதுங்க. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 200 மில்லி கூடுது, அது எங்க போகும்? இப்ப வர்ற வண்டிகள்ல ஆவியைப் பிடிச்சு வைக்க கரி நிரப்பின ஒரு டப்பா இருக்கு, கேனிஸ்டர்னு பேர், இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரிச்சுடும், ஆனா அது ஆவிக்கு மட்டும்தான். நிரம்பி வழிஞ்சு பெட்ரோலே அதுக்குள்ள போனா கரி ஊறி வீணாகும், ஸ்டார்டிங் டிரபிளும் வரும். நாசில் கட் ஆனதும் விட்டுடணும், "இன்னும் கொஞ்சம்"னு அமுக்கவே கூடாது.

சூடா இருக்கும்போது மூடியைச் சடார்னு திறக்காதீங்கன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க, மூஞ்சியில தெறிக்கும். அப்புறம் சத்தம் இருக்கட்டும், வண்டி ஆறின பிறகும் பெட்ரோல் வாசனை விடாம அடிச்சா, இல்ல மூடி ஓரத்துல ஈரம் தெரிஞ்சா, அப்பதான் நீங்க சொன்ன ரப்பரைப் பாக்கணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், மூடின இடத்துல தரையோட தங்கும், அந்த மாதிரி வண்டியை வீட்டுக்குள்ளயோ அடுப்பு பக்கமோ நிறுத்தவே கூடாது.

அந்த வாசகர் இன்னும் மூடி வாங்கலைன்னா அடுத்த வாரமே திருத்திப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்