நாளைக்கு முடிச்சிடுறேன் டீச்சர்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். தெருவில் ஆண்கள் நடமாட்டம் கூடிவிட்டது. பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்புக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்க வேண்டும், பாடத்தைத் தள்ளிப்போடுகிற பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய்.

கால அட்டவணையில் ஆரம்பிக்காதே, தாயி. கலர் பேனாவால் கோடு போட்டு அட்டவணை எழுதுவதே படிப்பைத் தள்ளிப்போட ஒரு வழி. கணக்கு வாத்தியாராக இருந்தபோது எத்தனையோ பார்த்தேன். சோம்பேறி என்று நாம் திட்டுகிற பிள்ளை வீட்டில் தண்ணீர்க் குடம் சுமக்கும், கடைக்கு ஓடும். கணக்கு நோட்டைத் திறந்தால் மட்டும் வயிற்றைக் கலக்கும். தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். மூடி வைத்தால் அப்போதைக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் பிள்ளை பழகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சிகளைக் கையாள்வதும் மன அழுத்தத்தைச் சமாளிப்பதும் உண்டு. முதல் வாரமே அவற்றை எடு. ‘எதை நினைத்து நோட்டைத் திறக்கவில்லை?’ என்று பெயர் போடாத சீட்டில் எழுதச் சொல். யாருடைய சீட்டு என்று மட்டும் தேடாதே.

அப்புறம், ‘நல்லாப் படிப்பேன்’ என்ற உறுதிமொழியெல்லாம் வேண்டாம். எப்போது, எங்கே, எது என்று எழுத வை. ‘ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் திண்ணையில் உட்கார்ந்து முக்கோணவியலில் முதல் கணக்கு.’ அவ்வளவுதான். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையும் இப்படி முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைப் பற்றித்தான். அந்த முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வை. படம் வரைந்து, கொடுத்த அளவுகளைக் குறித்தால் போதும், விடை வராவிட்டாலும் சரி. ‘இந்த ரெண்டாவது வரி புரியலை’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் பழகட்டும். கேட்க வாய் வராத பிள்ளைதான் நோட்டை மூடுகிறது.

இன்னொன்று. இங்கே அம்மா விடிகாலையில் கடல்பாசி எடுக்கப் போய்விட்டால், தம்பி தங்கச்சியைக் கிளப்பிவிட்டு வருகிற பிள்ளை வீட்டுப்பாடம் முடிக்காமல்தான் வரும். உன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டு. அந்தப் பிள்ளைகளைத் தள்ளிப்போடுகிறவர்கள் கணக்கில் சேர்க்காதே. அவர்களுக்குத் தேவை உன் வகுப்பு இல்லை, பள்ளியிலேயே உட்கார்ந்து எழுத அரை மணி நேரம். தலைமையாசிரியரிடம் அதைக் கேட்டு வாங்கு. முகம் சுளித்தாலும் விடாதே.

சீட்டில் என்ன எழுதினார்கள் என்று போனில் சொல். மாமா கையில் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறேன், வெயிலில் ஒருமுறை காட்டி வை.

அன்புடன்,
அப்பா