எந்தக் காட்சியில் 'நீ' என்பது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அப்பா நாடகத்தில் நடிக்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். அந்த நாடகம் எனக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அவளிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

ஜெஃப் பாரன் என்ற அமெரிக்க நாடகாசிரியர் எழுதிய 'விசிட்டிங் மிஸ்டர் கிரீன்'. மேடையில் இரண்டே பேர், ஒரே வீடு. கிரீன் நியூயார்க்கில் தனியாக வாழும் 86 வயது யூதர், மனைவியை இழந்தவர். ராஸ் என்ற இளைஞன் ஓட்டிவந்த கார் அவரை இடித்துத் தள்ளியிருக்கும், மயிரிழையில் தப்பினார். வாரம் ஒருமுறை, ஆறு மாதத்துக்கு அவர் வீட்டுக்குப் போய் உதவி செய்யவேண்டும் என்பது ராஸுக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை. இவனுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவருக்கு இவன் வருவது பிடிக்கவில்லை. 1997-இல் நியூயார்க்கில் இது மேடையேறியபோது கிரீனாக நடித்த ஈலை வாலக் எண்பதைத் தாண்டியவர். இங்கே கிரீனாக நடிக்கிற எனக்கு 63. ராஸாக நடிக்கிற பையனுக்கு 24, உன்னைவிட மூன்று வயது சின்னவன்.

முதல் மூன்று வாரம் யாரும் எழுந்து நிற்கவே இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு மட்டும்தான். "நடிக்காதீங்க, படிங்க" என்றார் இயக்குநர். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் வழியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்த இடத்தில் இவருக்கு என்ன வேண்டும்? கிரீன் அவனை விரட்டுகிற இடங்களையெல்லாம் நான் கோபமாகவே படித்துக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை படிக்கும்போதுதான், இவன் நிஜமாகவே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த வரிகளுக்கு அடியில் கிடப்பது தட்டுப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் தூங்கவில்லை.

தமிழில் போடுவதென்று முடிவாகியிருந்தது. உரிமை உள்ள நாடகம், மொழிபெயர்க்கவும் மேடையேற்றவும் அனுமதி வாங்கவேண்டும். அதெல்லாம் முடிந்து பிரதி கைக்கு வந்ததும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் கிரீன் அவனைக் கூப்பிட ஒரே சொல்தான், முதலிலிருந்து கடைசிவரை. நமக்கு அப்படி இல்லையே. கிரீன் அவனை 'நீ' என்பாரா, 'நீங்க' என்பாரா? வயதில் சின்னவன், எடுத்ததுமே 'நீ' என்றுதான் பேசுவார் என்றான் பையன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாத ஆளை வாசலிலேயே நிறுத்த 'நீங்க'வைவிட நல்ல கதவு கிடையாது. இரண்டு சாயங்காலம் இதிலேயே போயிற்று. கடைசியில், ஆரம்பத்தில் 'நீங்க', அவன் கொண்டுவந்த சாப்பாட்டைக் கிழவர் சாப்பிட்டு முடித்த பிறகு அவரே அறியாமல் ஒரு 'நீ' என்று வைத்துக்கொண்டோம்.

நடுவில் ஒரு காட்சி. ராஸ் தான் தன்பாலீர்ப்பாளன் என்று சொல்கிறான். அதுவரை நெருங்கி வந்த கிழவர் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "இந்த இடத்தில் அவர் மறுபடி 'நீங்க'வுக்குப் போய்விடுவார்" என்றேன். அறையில் ஒருவரும் பேசவில்லை. இயக்குநர் பேனாவை எடுத்துப் பிரதியில் மாற்றிக்கொண்டே, "எப்படி சார் தோணிச்சு?" என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன்.

சும்மா தோன்றவில்லை பாப்பா. வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் கத்தவில்லை. "உங்க இஷ்டம். செய்யுங்க" என்றேன். பிறந்த நாளிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளையை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் ஐந்து மாதம், நீ கூப்பிடும்போதெல்லாம் 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் நீட்டினேன்.

கிரீனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பிள்ளைகளே இல்லை என்றுதான் முதலில் சொல்வார். யூதரல்லாத ஒருவரை மணந்தாள் என்று அவளைத் தள்ளிவைத்திருக்கிறார் என்பது பிறகு தெரியவரும். அந்தப் பொய்யைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் காட்டக் கூடாது, பார்ப்பவர் நம்பவேண்டும். எனக்கு அது மிகச் சுலபமாக வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனாலும் தடுக்கிக்கொண்டே இருந்தேன். என் வரிகளை மட்டும் மஞ்சள் மையால் அடிக்கோடிட்டு உருப்போட்டிருந்தேன். அவன் பேசும்போது அடுத்து நான் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். "உங்க வசனம் அவன் வாயில இருக்கு, அங்கேருந்து எடுங்க" என்றார் இயக்குநர். மஞ்சள் கோடில்லாத இன்னொரு பிரதி வாங்கி, முதலிலிருந்து ராஸின் வரிகளைப் படித்தேன். அவன் அந்தக் கிழவரிடம் எத்தனை கேள்வி கேட்கிறான் தெரியுமா! பாதிக்கு அவர் பதிலே சொல்வதில்லை. அடுத்த வாரமும் வந்து கேட்கிறான்.

இப்போது எழுந்து நடக்கிறோம். தரையில் டேப் ஒட்டி, இது கதவு, இது மேஜை என்று குறித்திருக்கிறார்கள். முதல் காட்சியில் எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே பத்தடி. காட்சிக்குக் காட்சி அது குறைகிறது, கடைசியில் என் முழங்கை அவன் தட்டில் படும். கூன் போட்டு நடந்து காட்டினேன், வேண்டாம் என்றார் இயக்குநர். வயதானவர் வயதைக் காட்ட மாட்டார், மறைக்கப் பார்ப்பார், எழுந்திருப்பதற்கு முன் மேஜையை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அந்தப் பையன் இப்போது ஒத்திகை முடிந்ததும் போவதில்லை. தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். நான் கேட்கிறேன். உன்னிடம் கேட்காத கேள்விகளை அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று நேற்று தோன்றியது.

அடுத்த மாதம் இரண்டு நாள் நாடகம். இந்த வாரம் அவன் ஊரில் இல்லை, எனக்கு ராஸின் வரிகளைப் படிக்க ஆள் வேண்டும். இதோடு பிரதியையும் அனுப்புகிறேன். மகளைப் பற்றிப் பேசும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன். நீ கேள், நான் பதில் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்தாலும் போன் என் கையில்தான் இருக்கும். அந்தப் பக்கம் முடிந்த பிறகு உன் படிப்பைப் பற்றிச் சொல், முதலிலிருந்து.

அப்பா