மதில் சூழ்ந்த குடியிருப்புகளின் கேட்டுகளை இரவில் ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
புறநகர் குடியிருப்புவாசிகள் மற்றும் கேட் பராமரிப்புப் பணியாளர்கள்

பெறுநர்
தீயணைப்புத் துறை அதிகாரி அவர்கள்

பொருள்: தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் தடையின்றி உள்ளே வர ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தலைநகரை ஒட்டி மதில், கேமரா, தானியங்கி கேட், காவலாளி என்று அமைந்துள்ள குடியிருப்புகளில் திருடன் நுழைவது கடினம். தீயணைப்பு வண்டி நுழைவதும் அதே அளவுக்குக் கடினமாகிவிட்டது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

தீப்பிடித்தால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். துண்டித்ததும் பக்கவாட்டில் ஓடும் கேட் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மோட்டார் கேட்டைத் தள்ளும். நாம் கேட்டைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. உள்ளிருக்கும் பல்சக்கர அமைப்பு அப்படி. மோட்டார் பெட்டியில் இதற்கென்றே ஒரு சிறிய மூடி உண்டு. சாவி போட்டுத் திருப்பி, உள்ளே இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பல்சக்கரம் விடுபட்டு, கேட் கையோடு வரும். அரை நிமிட வேலை. ஆனால் அந்தச் சாவி இரவில் பூட்டிய அலுவலக மேசைக்குள் கிடக்கும். மாதக்கணக்கில் திறக்காத மூடிக்குள் எறும்பு மண் கட்டியிருக்கும். பேட்டரி இருக்கிறதே என்பார்கள். சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டை ஓட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்தது மதில்மேல் உள்ள மின்வேலி. நொடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு அதில் ஓடும். அதற்குத் தனி பேட்டரி இருப்பதால் மெயினை அணைத்தாலும் வேலி அணையாது. மதிலில் ஏணி சாய்க்கும் வீரருக்கு இது தெரிய வழியில்லை. நிறுத்தும் சுவிட்சோ உள்ளே ஏதோ ஓர் அறையில் இருக்கும்.

தீயணைப்பு வண்டியின் உடல் அகலம் சுமார் 2.5 மீட்டர், பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 3 மீட்டரை நெருங்கும். நுழைவாயில் 6 மீட்டர் இருந்தும் பயனில்லை: நடுவில் காவலர் கூண்டு, இருபுறமும் தடுப்புக் கட்டைகள் போக ஒரு பாதைக்கு 2.5 மீட்டர்கூட மிஞ்சாது. அலங்கார வளைவின் உயரமும் கட்டும்போது அளந்ததுதான். சாலைக்கு மேல் சாலை போடப்போட அது குறைந்துகொண்டே வருகிறது. 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். காரை மனதில் வைத்துப் போட்ட வடிகால் மூடிகள் இதைத் தாங்குமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பின்பக்க அவசர கேட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் முன் பூந்தொட்டிகளும் கார்களும்தான் நிற்கின்றன.

ஆம்புலன்ஸ் வந்தாலும் செல்பேசிச் செயலியில் வீட்டுக்காரர் ஒப்புதல் தரும்வரை காவலாளி காத்திருக்கிறார். விதியை மீறினால் வேலை போகும் என்ற பயம். இதயம் நின்றவருக்கு முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது.

ஆகவே, தண்ணீர் நிரப்பிய முழு அளவு வண்டியை இக்குடியிருப்புகளின் ஒவ்வொரு தெருவிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஆய்வு இரவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அன்று மட்டும் சாவி கேட்டிலேயே தொங்கும். மோட்டார் சாவியின் நகல் காவலர் கூண்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவும், மின்வேலியை நிறுத்தும் சுவிட்ச் கேட் தூணின் வெளிப்புறம் பூட்டிய பெட்டியில் அமையவும், அந்தப் பெட்டியின் சாவி தீயணைப்பு நிலையத்தில் இருக்கவும் உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் காவலாளியும் மாதம் ஒருமுறை கேட்டைக் கையால் திறந்து காட்டிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். அவசர வண்டிகளுக்கு ஒப்புதல் கேட்கக் கூடாது என்பதை நிர்வாகங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்தால், காவலாளி அந்தத் தாளைக் காட்டித் துணிந்து திறப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
குடியிருப்புவாசிகள், பராமரிப்புப் பணியாளர்கள்