அக்கா ஜூன்ல கெளம்புறாங்க

ஏட்டி பல்லி,

எப்படி இருக்க? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் புடிச்சு நடக்காங்கன்னு ஒட்டடைக்குச்சி சொன்னா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு ஆயிருச்சு நம்ம நெலமை. தப்பு என்மேலதான். தீபாவளிக்கு போன்ல சண்டை போட்டு வெச்சதோட சரி, அதுக்கப்புறம் நீ அனுப்புன மெசேஜை எல்லாம் படிச்சேன், பதில் போடல. கோவம் ஒரு வாரத்துல போயிருச்சு, அப்புறம் வெக்கம், அப்புறம் நாளாக ஆக எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இங்க கனடாவுல எல்லாரும் சொகம். அவருக்கு பள்ளிக்கூடத்துல காண்ட்ராக்ட் நீட்டிச்சுட்டாங்க, நான் அதே நர்ஸிங் ஸ்டேஷன்தான், ஏரி இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு, அதுமேல லாரி போகுது.

இப்ப எழுதுறதுக்குக் காரணம் பாப்பா பல்லு.

பதறாத, இப்ப நல்லா இருக்கா. ஆனா நீ முழுசா கேக்கணும். பாதியில போனை எடுத்து என்னைத் திட்ட ஆரம்பிச்சிராத.

தீபாவளி சண்டை எதுக்குன்னு ஞாபகம் இருக்குல்ல? எங்க ஊர்ல டென்டிஸ்ட் கெடையாது, டென்டல் தெரபிஸ்ட் ஒரு அக்கா இருக்காங்க, அவங்களே ஃபில்லிங் பண்ணுவாங்க பல்லு எடுப்பாங்கன்னு நான் சொன்னேன். நீ, "ரெண்டு வருஷம் படிச்சவ கையில புள்ளை வாயக் குடுப்பியா, அரைகுறை வைத்தியம்டி அது, டென்டிஸ்ட் ஆக நாங்க அஞ்சு வருஷம் உக்காந்து படிச்சது எதுக்கு"ன்னு கத்துன. நானும் பதிலுக்குக் கத்துனேன். ஆனா கத்துனேனே தவிர, நீ சொன்னதுல பாதி எனக்குள்ளயும் ஏற்கெனவே இருந்துச்சு, அதான் விஷயமே. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அக்கா பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்க வாயையும் பாத்துட்டு எனக்கு ஒரு சீட்டு குடுத்து விட்டாங்க. பாப்பாவுக்கு கீழ் இடது கடைவாய்ப்பல்லுல ஓட்டை இருக்கு, உங்க பாஷையில 75ஆம் நம்பர், இப்பவே அடைச்சா சின்ன வேலைதான்னு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஈஸ்டருக்கு சாஸ்கடூன் போறப்ப "நல்ல டாக்டர்"கிட்ட காட்டிக்கலாம்னு அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல மாட்டி வெச்சேன். நான் நர்ஸு. ஊர்ல எல்லா அம்மாக்கிட்டயும் அக்காகிட்ட கூட்டிட்டுப் போங்க கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ற நர்ஸு. என் புள்ளைக்கு மட்டும் வேற கணக்கு வெச்சிருந்தேன்.

பிப்ரவரி ரெண்டாவது வாரம், புதன்கெழமை ராத்திரி. சாயந்திரமே பல்லு வலிக்குதுன்னா, பாராசிட்டமால் குடுத்து படுக்க வெச்சேன். ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அழுதா, லைட்டைப் போட்டா கன்னம் இட்லி மாதிரி வீங்கி இருக்கு, ஜுரம் 39.2. வெளியில மைனஸ் 41. கழுத்துல வீக்கம் எறங்குதா, எச்சி முழுங்க முடியுதா, வாய் தொறக்குதா, நாக்குக்கு அடியில தூக்கி இருக்கான்னு பாத்தேன், அதெல்லாம் இல்ல. கை நடுங்குச்சுடி. மத்தவங்க புள்ளைக்கு இதே ராத்திரியில எத்தனை தடவை பாத்திருக்கேன், ஒரு நாளும் நடுங்கல. ஸ்டேஷன்ல டியூட்டியில இருந்த நர்ஸை எழுப்பி, அவ தெக்க இருக்குற டாக்டர்கிட்ட போன்ல கேட்டு, அமாக்ஸிசிலின் ஆரம்பிச்சாச்சு. காலைல பிளைட்ல ஏத்திரலாம்னு நெனச்சேன். ஐஸ் பனிமூட்டம், பிளைட் கேன்சல். மத்தியானம்னாங்க, அதுவும் கேன்சல்.

அன்னைக்குக் காலைல எட்டரைக்கே அக்கா அவங்களே வீட்டுக்கு வந்து நிக்காங்க. யாரோ சொல்லி இருக்காங்க, இங்க ரகசியம்னு ஒண்ணு கெடையாது. ஃப்ரிட்ஜ் மேல அவங்க எழுதுன சீட்டு அப்படியே தொங்குது. பாத்தாங்க. ஒரு வார்த்தை கேக்கல. பாப்பாகிட்ட போயி, "நேத்து ராத்திரி பூரா உன் பல்லு உன்னைத் தூங்க விடலையாமே, அதை வேலையை விட்டுத் தூக்கிரலாமா"ன்னு கேட்டாங்க. அவ சிரிச்சுட்டா, வீங்குன வாயோட.

பள்ளிக்கூடத்துலயே ஒரு ஓரமா அவங்க ரூம், ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே, சுவர் பூரா புள்ளைங்க போட்டோ. எக்ஸ்ரே எடுத்து, கூட வேலை பாக்குற டென்டிஸ்டுக்கு அனுப்பி, போன்ல பேசுனாங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன், நீயும் உன் பேராசிரியரும் பேசிக்கிட்ட மாதிரிதான் இருந்துச்சு. வேர்ல எவ்வளவு கரைஞ்சிருக்கு, அடியில நெரந்தரப் பல்லு எங்க நிக்கு, நரம்புக்குப் பக்கத்துல மரத்துப் போற ஊசி, அதான் பிளாக், போட்டா மரத்துப் போகுமான்னு எல்லாம். அப்புறம் மொதல்ல ஜெல், அப்புறம் ஊசி, ஊசியை அவ கண்ணுல காட்டவே இல்ல. அழுத்தம் தெரியும் வலி தெரியாது, வலிச்சா இடது கையைத் தூக்கு, நான் உடனே நிறுத்திருவேன்னாங்க. பாப்பா ஒரு தடவை கையைத் தூக்குனா, சும்மா சோதிச்சுப் பாக்க. அக்கா சத்தியமா நிறுத்துனாங்க. அதுக்கப்புறம் அவ தூக்கவே இல்ல. நாலு நிமிஷத்துல பல்லு வெளிய. வெள்ளிக்கெழமை வீக்கம் பாதி, திங்கக்கெழமை பள்ளிக்கூடம் போயிட்டா. பல்லை சாணியில வெச்சு ஓட்டு மேல எறியணும்னு அவ பாட்டி போன்ல சொல்லிட்டாங்க. சாணிக்கு எங்க போக, பனியை உருட்டி உள்ள வெச்சு கூரை மேல எறிஞ்சா.

அந்தப் பல்லு சீக்கிரமே போனதால பின்னாடி வர்ற பல்லு சாயாம இருக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் வைக்கணும், அதை டென்டிஸ்ட் வர்றப்ப பேசிக்கலாம்னு அக்காவே சொன்னாங்க. தன்னால என்ன முடியும், எது டென்டிஸ்ட் வேலைங்குறதுல அவங்களுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நெரந்தரப் பல்லுக்கு ரூட் கெனால் தொட மாட்டாங்க, எலும்புக்குள்ள மாட்டுன ஞானப்பல்லை தொட மாட்டாங்க, பல்செட் செய்ய மாட்டாங்க. ஃபில்லிங், பால்பல்லுக்கு பல்பாட்டமி (மேல்பக்கத்து நரம்பை மட்டும் எடுக்குறது), ஸ்டீல் கிரவுன், சாதாரணமா எடுக்குற பல்லு, சொத்தை வராம இருக்க ஃப்ளோரைடு வார்னிஷ், சீலன்ட், இது அவங்க எல்லை. எங்க ஊர் வாய்க்கு வேண்டியதுல முக்காவாசி அந்த எல்லைக்குள்ளயே அடங்கிருது பல்லி.

கைவேலை மட்டும்னா நான் இவ்வளவு நீளமா எழுத மாட்டேன். எந்த வீட்டுல புள்ளை பாட்டிலோட தூங்குது, எந்த வீட்டுல தண்ணி காய்ச்சிக் குடிக்கணும்னு நோட்டீஸ் வந்ததும் பாப் வாங்கி அடுக்குறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். பாப்னா நம்ம ஊரு கலர்தான். இங்க கடையில பாலை விட அது மலிவு. அதுக்காக எந்த அம்மாவையும் திட்ட மாட்டாங்க. புள்ளைக்கு மொதப் பல்லு மொளைச்ச சேதி வந்தா வார்னிஷ் டப்பாவோட வீட்டுக்கே போயிருவாங்க, டீ குடிச்சுக்கிட்டே தடவி விட்டுட்டு வருவாங்க. வாயைத் தொறக்கவே பயப்படுற மூணு வயசுப் புள்ளைக்கு சில்வர் டயமைன் ஃப்ளோரைடு தடவி சொத்தையை அங்கயே நிறுத்தி வெப்பாங்க. பல்லு கறுத்துப் போகும், அதை மொதல்லயே அம்மாகிட்ட சொல்லி, கறுத்த பல்லு போட்டோவையும் காட்டி, சம்மதம்னாதான் தடவுவாங்க. இல்லாட்டி என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன், நாலு வயசுப் புள்ளைங்களை சொத்தைக்காக தெக்க சிட்டிக்கு பிளைட்ல கூட்டிட்டுப் போயி மயக்க மருந்து குடுத்து ஒரே நாள்ல ஏழு எட்டு பல்லு. அதுக்கும் மாசக்கணக்குல காத்திருக்கணும். அதுவரைக்கும் புள்ளை ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு, ராத்திரி அழுதுக்கிட்டு.

இங்க ஒரு பாட்டி இருக்காங்க. ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல வளந்தவங்க, அதாவது பூர்வகுடிப் புள்ளைங்களை வீட்டை விட்டுப் பிரிச்சு அடைச்சு வெச்ச ஹாஸ்டல். யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டாங்க, என்கிட்டயும்தான், தொண்டை பாக்கக்கூட. அந்தப் பள்ளிக்கூடங்கள்ல என்ன நடந்துச்சுன்னு நான் படிக்கப் போயி ஒரு வாரம் சரியா தூங்கல. 1948லருந்து 1952 வரைக்கும் கனடாவுல ஆறு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல சத்து ஆராய்ச்சின்னு நடத்தி இருக்காங்க. ஈறும் பல்லும் எப்படி இருக்குன்னு பாத்து சத்துக்கொறைவை அளக்கணும், வைத்தியம் பாத்தா அளவு மாறிடும்னு, புள்ளைங்களுக்குப் பல் வைத்தியத்தை வேணும்னே நிறுத்தி வெச்சிருக்காங்க. இயான் மோஸ்பின்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் 2013ல இதை வெளிய கொண்டு வந்தாரு. எங்க பாட்டி படிச்சது அந்த ஆறுல ஒண்ணு இல்ல. ஆனா பல்லு புடுங்குற அன்னைக்கு ரெண்டு பேர் கையைப் புடிச்சுக்குவாங்கன்னு மட்டும் ஒரு தடவை சொன்னாங்க, அதுக்கு மேல சொல்லல. அந்தப் பாட்டி அக்காகிட்ட மட்டும் வாயைத் தொறப்பாங்க. அக்கா இங்கத்த பூர்வகுடிங்களோட டெனே பாஷை பேசுறவங்க, அந்தப் பாட்டியோட பேரப்புள்ளைங்க, அதுங்களோட புள்ளைங்க எல்லாத்துக்கும் பல்லு பாத்தவங்க. இதை எந்தக் காலேஜ்ல எத்தனை வருஷம் சொல்லிக் குடுப்பாங்க சொல்லு.

நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும், அதான் நான் படிச்சதையும் சொல்லிடுறேன். இது நேத்து மொளைச்ச யோசனை இல்ல. நியூசிலாந்துல 1921லயே பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குன்னு டென்டல் நர்ஸுங்களுக்குப் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கனடாவுல 1972ல வடக்கே ஃபோர்ட் ஸ்மித்ல தெரபிஸ்ட்டுங்களுக்குன்னு பள்ளி தொறந்தாங்க, அப்புறம் அதைப் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு மாத்துனாங்க. அக்கா படிச்சது அங்கதான். எங்க சாஸ்கச்சுவான்ல 1974லருந்து பள்ளிக்கூடத்துக்குள்ளயே புள்ளைங்களுக்கு இலவசமா பல்லு பாத்தாங்க, 1987ல அரசாங்கம் அதை மூடிருச்சு. அலாஸ்காவுல இன்னும் மோசம், தெரபிஸ்ட்டு வந்தப்ப உங்க ஆளுங்க, அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன், 2006ல கோர்ட்டுக்கே போனாங்க, 2007ல கேஸ் நிக்கல. அப்புறம் அங்க யூகான் குஸ்கோக்விம் பக்கத்து கிராமங்கள்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா, தெரபிஸ்ட் அதிக நாள் வேலை பாத்த ஊர்ல புள்ளைங்களுக்கு முன்பல்லு புடுங்குறது கொறைஞ்சிருக்கு, தடுப்பு வைத்தியம் கூடி இருக்கு. நீ ஆதாரம் ஆதாரம்ப, இது உனக்காகத்தான் தேடுனேன்.

இப்ப என் வயித்துல புளியைக் கரைக்கிற விஷயத்துக்கு வரேன். அக்கா ஜூன்ல ரிட்டயர் ஆகுறாங்க. மணிக்கட்டு போயிருச்சு, கழுத்தும் போயிருச்சு, நாப்பது வருஷம் ஆகப் போகுது சின்ன வாய்க்குள்ள குனிஞ்சு குனிஞ்சு. போகட்டும், அவங்களுக்கு அந்த ஓய்வு வேணும். அவங்க எடத்துக்கு யாரு? பிரின்ஸ் ஆல்பர்ட் பள்ளிக்கூடத்தை 2011ல மூடிட்டாங்க, மத்திய அரசு காசை நிறுத்திருச்சு. பன்னெண்டு வருஷம் நாட்டுல ஒரு எடத்துலயும் புதுசா ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கல, நெனச்சுப் பாரு. இருக்கறவங்க எல்லாருக்கும் ஒண்ணா வயசாகிருச்சு. 2023லதான் சாஸ்கச்சுவான் யுனிவர்சிட்டியும் இங்கத்த காலேஜுங்களும் சேந்து மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க, ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட், வடக்கே லா ரோஞ்ச்னு மூணு ஊர்ல. லா ரோஞ்ச்ல வெச்சது ரொம்ப நல்லது, வடக்கத்திப் புள்ளைங்க சிட்டிக்குப் போகாமலே படிக்கலாம். ஆனா இந்த மாகாணத்துல தெரபிஸ்ட்டு தனியார் கிளினிக்லயும் வேலை பாக்கலாம். சிட்டியில சம்பளம், வீடு, காபி கடை எல்லாம் இருக்குறப்ப, ஏரி உறையுற காலத்தை விட்டா பிளைட்டைத் தவிர வழி இல்லாத எங்க ஊருக்கு யாரு வருவா?

மேல கேட்டா, கவலைப்படாதீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டென்டிஸ்ட் டீம் பிளைட்ல வரும்னு சொல்றாங்க. வரட்டும், வேணும்தான். பிப்ரவரி ரெண்டாவது வாரம் எந்த பிளைட் வந்துச்சு? ஊர்க் கூட்டத்துல நான் எந்திரிச்சு பாப்பா கதையையே சொன்னேன், ஃப்ரிட்ஜ் சீட்டு வரைக்கும். எனக்குக் கூட்டத்துல பேசவே வராது, உனக்குத் தெரியும். முடிஞ்சதும் அந்தப் பாட்டி வந்து என் கையைப் புடிச்சு மார்சின்னாங்க, அவங்க பாஷையில நன்றி. இப்ப ஊர்ல ஒரு பொண்ணு லா ரோஞ்சுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கா. பன்னெண்டாவது முடிச்சுட்டு கடையில பில் போடுறா, கெட்டிக்காரி. நானும் அவரும் வாரத்துக்கு ரெண்டு நாள் அவளுக்கு பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் சொல்லிக் குடுக்கோம். எடம் கெடைச்சு, படிச்சு முடிச்சு, திரும்பி வந்தா... அதுவரைக்கும் அந்த ரூம் பூட்டித்தான் கெடக்கும்.

உன்கிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும். மொதல்ல, அந்தப் பொண்ணுக்கு சொல்லிக் குடுக்க உன் பஸ்ட் இயர் பல் வரைஞ்ச நோட்டு இருக்குல்ல, கலர் பென்சில்ல ஒவ்வொரு பல்லையும் அஞ்சு பக்கமும் வரைஞ்சு வெச்சிருப்பியே, ஹாஸ்டல் கரண்ட் போன அன்னைக்கு மெழுகுவத்தி கொட்டுச்சே, அதேதான். அதை போட்டோ எடுத்து அனுப்பு. தமிழ்ல எழுதி இருந்தாலும் பரவால்ல, படம் போதும்.

ரெண்டாவது, போன வருஷம் பாபநாசத்துக்கு மேல காணிக்குடியிருப்புல நீ போட்ட முகாம் போட்டோ எல்லாம் பாத்தேன், லைக் போடல, ஆனா எல்லாத்தையும் பாத்தேன். வருஷா வருஷம் நீ போற, சொந்தக் காசுல பேஸ்ட்டு பிரஷ்ஷு வாங்கிட்டுப் போற, அதுக்கு எனக்கு உன்மேல எவ்வளவு பெருமைன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல. குரூப் போட்டோவுல வலது ஓரத்துல பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு நிக்கான், பாத்தியா? அவன் பல்லு என்ன ஆச்சு? நீ எறங்கி வந்த மறுநாள் ராத்திரி வலிச்சிருந்தா அவன் யார்கிட்ட போயிருப்பான்?

சண்டைக்குக் கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும். ஞாயித்துக்கெழமை உனக்கு ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்றேன், எடு.

உன்
ஊசி