எல்ஸ்வொர்த்துக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பற்றிய தங்கள் கட்டுரையில் அதன் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷலுக்குப் பத்தி பத்தியாக இடம். அவருக்கு முன் அதே பதவியில் இருந்த ஆலிவர் எல்ஸ்வொர்த் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

கனெக்டிகட்காரரான இவர் வக்கீல் தொழிலில் இறங்கிய புதிதில் ஆண்டு வருமானம் வெறும் 3 பவுண்டு என்பார்கள். குதிரை வாங்க வக்கில்லாமல் வின்ட்சரிலிருந்து ஹார்ட்ஃபோர்டு கோர்ட்டுக்கு நடந்தே போய் வந்த மனிதர், பிற்பாடு அந்த மாநிலத்திலேயே வசதியான வக்கீல்களில் ஒருவரானார்.

1789-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் முதன்முதலில் கூடியபோது அதற்குள் நுழைந்ததும் கையிலெடுத்தது நீதித்துறைச் சட்டத்தை. ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம், கீழே 13 மாவட்ட நீதிமன்றங்கள் என்ற அமைப்பைப் பெரும்பாலும் வரைந்தவர் இவரே. 1796-இல் தலைமை நீதிபதி. பிரான்ஸுடன் சமரசம் பேசப் போன இடத்தில் உடல்நலம் கெட்டு, 1800-இல் பதவி விலகினார். அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் மார்ஷல்!

கட்டுரையாளர் வியந்து எழுதிய 1803 மார்பரி வழக்கில் (நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று நிறுவிய வழக்கு) அரசமைப்புக்கு முரணானது, செல்லாது என்று மார்ஷல் தள்ளியது எதை? எல்ஸ்வொர்த் வரைந்த அதே சட்டத்தின் 13-வது பிரிவில் ஒரு பகுதியை. இதை விட்டுவிட்டு அந்த வழக்கை எப்படி விளக்க முடியும்? அடுத்த இதழிலாவது இவரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை