சுகர் பீன்ஸை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பன் தமிழ் வீடுகளில் சர்க்கரை நோய் பெருகப் பெருக, நல்ல பாக்டீரியா மாத்திரை வாங்குவோரும் பெருகுகிறார்கள். குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவையே பட்டினி போட்டுவிட்டு, புதிதாகக் காசு கொடுத்து அனுப்பி என்ன பயன்?

அவற்றின் தீனி நார்ச்சத்து. அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட், புரோப்பியோனேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். பசியை அடக்கி இன்சுலினுக்குத் துணைநிற்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் சுரக்கவும் இவ்வமிலங்கள் தூண்டுகின்றன.

2015இல் வெளியான ஆய்வொன்றில், நம் குவாசூலு-நட்டால் மாகாணக் கிராமத்து ஆப்பிரிக்கர் 20 பேரும் பிட்ஸ்பர்க் நகரக் கறுப்பினத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் தங்கள் சாப்பாட்டு முறையைத் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து நாளுக்கு 55 கிராமாக உயர்ந்த அமெரிக்கர்களுக்கு பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. 12 கிராமாகக் குறைந்த கிராமத்தாருக்குப் பாதியானது. குடல் புற்றுநோய் அபாயம் பற்றிய ஆய்வுதான் அது. ஆனாலும் இரண்டே வாரத்தில் குடலில் இவ்வளவு மாற்றம்!

ஒரு கப் வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. அரை கப் வெந்த சுகர் பீன்ஸில் (புள்ளி போட்ட உலர்ந்த பீன்ஸ் விதை) ஏறக்குறைய 7 கிராம். நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாயு தொல்லை என்று பலர் பீன்ஸை விட்டுவிடுகிறார்கள். சமைக்கும் முறையிலும் அளவிலும்தான் கோளாறு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். மின்வெட்டுக்குப் பயந்து நேராக ஸ்லோ குக்கரிலோ, சூட்டைத் தக்கவைத்து மெல்ல வேகவைக்கும் வெப்பப்பையிலோ வைத்தால் பீன்ஸிலுள்ள லெக்டின் நச்சு அழியாது, வாந்தி வரும். இரு விரலால் நசுக்கினால் மாவாக மசியும்வரை தக்காளி, புளி சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகி, வேக வெகுநேரம் பிடிக்கும்.

முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும். பிறகு கால் கப், அரை கப். பாக்டீரியா பழக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். எடுத்த எடுப்பில் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு உப்பத்தான் செய்யும். ஆனால் பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) சாப்பிட்டேன் என்று திருப்திப்படாதீர்கள். கால் ரொட்டியென்றால் 175 கிராம். மாவுச்சத்து மட்டுமே 80 கிராம் தாண்டும்.

ஆடிக் கூழுக்கும் ஒரு வார்த்தை: கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே மோர் ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் மோரிலுள்ள பாக்டீரியா செத்துவிடும்.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைத்து பீன்ஸைக் கூட்டும் நாட்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள், தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பீன்ஸிலுள்ள பொட்டாசியம் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

உணவியல் ஆலோசகர்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்